குழாய் எட்டாத தூரம்

அழகம்மா முதன்முதலாக ஆஸ்பத்திரிக்கு வந்தது 1998ஆம் ஆண்டு ஆடி மாதத்தில். ஆஸ்பத்திரி என்று பெயரே தவிர, அது அக்கராயன் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். இரண்டு வருடங்களுக்கு முன் சண்டையில் கிளிநொச்சியிலிருந்து ஊரோடு ஊராக இடம்பெயர்ந்தபோது கட்டில்களையும் மருந்துப் பெட்டிகளையும் உழவு இயந்திரங்களில் ஏற்றிவந்து, ஐந்தாம் வகுப்பு அறையில் வெளிநோயாளரைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். கரும்பலகையில் அன்றைக்கு இல்லாத மருந்துகளின் பெயர்களை எழுதிவைப்பார்கள். இருக்கிற மருந்துகளை எழுதியிருந்தால் வெண்கட்டி மிச்சமாகியிருக்கும்.

அழகம்மாவுக்கு அப்போது நாற்பத்துமூன்று வயது. மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் லயத்து வீடுகளை எரித்தபோது, கணவர் மாயாண்டியோடு உடுத்த துணியுடன் வன்னிக்கு வந்து சேர்ந்தார். இருபத்தொரு வருடமாக அந்தப் பக்கத்து வயல்களில் களை பிடுங்கினார், கதிர் அறுத்தார், சூடு மிதித்த களத்தில் நெல் தூற்றினார். உடம்பு வருத்தம் என்று வேலையை விட்டு நின்றவர் இல்லை.

"என்ன செய்யுது அம்மா?" என்று கேட்டார் தாதி ஞானேஸ்வரி. ஊரில் எல்லாரும் அவரை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஒரே அசதிங்க மிஸி. நாலு பாத்தி புல்லுப் புடுங்கினா கண்ண இருட்டிக்கிட்டு வருது."

டொக்டர் ஜனகன் கீழிமையை இழுத்துப் பார்த்தார். வெளிறித்தான் இருந்தது. ஆனால் அந்த வருடம் வன்னியில் யாருடைய இமையை இழுத்திருந்தாலும் பாதிப்பேருக்கு அப்படித்தான் இருந்திருக்கும். நிவாரண மாவும் பருப்பும் சாப்பாடு. வருடத்துக்கு இரண்டு தடவை மலேரியா. பூச்சி மாத்திரையும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்து அனுப்பினார். முப்பது வயதுகூட ஆகாத அவர்தான் அங்கே இருந்த ஒரே டொக்டர். காலையில் நூற்றைம்பது பேரைப் பார்த்துவிட்டு, மதியத்துக்குப் பிறகு காயக்காரரைப் பார்ப்பார்.

ஆவணியில் அழகம்மா இரண்டாம் தடவை வந்தார். அதே மாத்திரைகள். புரட்டாதி தொடங்குவதற்கு முன் மூன்றாம் தடவை வந்தபோது மகள் சுரேகாவும் கூட வந்தாள். பத்தொன்பது வயதுப் பெண். பாலர் பள்ளியில் படிப்பிக்கிறவள். தாய்க்கு இன்னமும் தோட்டத்துப் பேச்சு. வன்னியிலேயே பிறந்த மகளுக்கு வன்னிப் பேச்சு.

"அம்மா ரெண்டு மாசத்தில பாதியாப் போனா மிஸி. சட்டையெல்லாம் தொளதொளவெண்டு கிடக்கு. சாப்பாட்டைக் கண்டா ஓங்காளிக்கிறா. பூச்சி மாத்திரைக்கு இது கேக்காது."

ஞானேஸ்வரி அழகம்மாவைத் தட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். வெளிக்குப் போவதைப் பற்றிக் கேட்டதும் அழகம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கெஞ்ச வேண்டியிருந்தது.

"மூணு நாளைக்குப் போகாதுங்க. அப்புறம் தண்ணியாப் போகும். போயிட்டு வந்தாலும் போன மாதிரியே இருக்காது. எடது பக்கமா இறுக்கிப் புடிக்கும்."

"ரத்தம் போகுதோ?"

"பாக்கலீங்க. நாங்க காட்டுக்குத்தானே போறோம். விடியறதுக்கு முன்னாடி இருட்டோட போயிட்டு வந்துருவோம். எங்கிட்டுப் பாக்கிறது?"

ஞானேஸ்வரி இருபத்தாறு வருடமாகத் தாதி வேலை பார்ப்பவர். அதில் ஒன்பது வருடம் யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை வார்டில் நின்றவர். இந்தப் பேச்சை அங்கே பலரிடம் கேட்டிருக்கிறார். அவர்களில் அரைவாசிப்பேர் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை.

அவர் நேரே ஆய்வுகூடத்துக்குப் போனார். பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான அறைதான் ஆய்வுகூடம். அங்கே நடராசா என்ற பரிசோதகர் ஒருவரும், யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிவைத்த ஒரு நுணுக்குக்காட்டியும் இருந்தன. கண்ணுக்குத் தெரியாத இரத்தம் மலத்தில் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு மருந்து உண்டு. இரண்டு சொட்டு விட்டால் நிறம் மாறும். பெரிய வித்தை ஒன்றுமில்லை.

"அந்த மருந்து கடைசியா வந்து பதினாலு மாசம், மிஸி," என்றார் நடராசா. "மாசா மாசம் எழுதுறன். அங்காலயிருந்து வாற பெட்டியில பாதியை ஆமிச் சாவடியில இறக்கிப்போட்டுத்தான் விடுறாங்கள். மலேரியா பாக்கிற சாயமே அளந்துதான் பாவிக்கிறன். மலத்தைக் கொண்டந்தா புழு முட்டை இருக்கோ எண்டு பாத்துச் சொல்லுறன். வேற ஒண்டும் என்னால ஏலாது."

முட்டை இருந்தது. வெறுங்காலோடு வயலில் நிற்கிற யாரிடமும் அது இருக்கும். அழகம்மாவுடைய துண்டில் நடராசா 'கொக்கிப்புழு' என்று எழுதினார். அது பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லை எழுதியதும் களைப்புக்குக் காரணம் கிடைத்துவிட்டது போல ஆகிவிட்டது.

ஞானேஸ்வரி விடவில்லை. "ஒருக்கா குழாய் போட்டுப் பாப்பம், டொக்டர்" என்றார். டொக்டர் புதன்கிழமைக்கு வரச் சொன்னார்.

அந்தப் புதன்கிழமை குழாய்ப் பரிசோதனைக்கு இரண்டு பேர் வாங்குப் பலகையில் காத்திருந்தார்கள். ஒருவர் அழகம்மா. மற்றவர் இளையதம்பி. வயது ஐம்பத்தெட்டு. அவருடைய தகப்பன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து உருத்திரபுரத்தில் குடியேறி, ஆறேக்கர் வயல் செய்த குடும்பம். சண்டையில் வீடு முன்னரங்குக்குப் பக்கமாகிப்போக, அக்கராயனில் தமக்கையின் வளவில் கொட்டில் போட்டு இருந்தார். ஒரு மாதமாகச் சிவப்பாக இரத்தம் போகிறது என்று வந்திருந்தார். அவர் பயந்துபோயிருந்தார். பயத்தை மறைக்கப் பக்கத்தில் இருந்த மாயாண்டியிடம் மழையைப் பற்றியும் விதைப்பைப் பற்றியும் ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்தார்.

குழாய் என்பது நாலு அங்குல நீளமுள்ள, கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடித்த ஓர் உலோகத் துண்டு. அதை ஆசனவாயில் விட்டு, உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்க்க வேண்டும். ரோச் லைட்டுக்குப் பற்றரி இல்லை; வன்னிக்குள் பற்றரி கொண்டுவர அரசாங்கத் தடை. அதனால் சைக்கிள் ஒன்றை ஸ்டாண்டில் நிறுத்தி, அதன் டைனமோவிலிருந்து வயர் இழுத்து ஒரு சின்ன மின்குமிழைக் கொழுவியிருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் சிற்றூழியர் ராசு சைக்கிளில் ஏறி மிதிப்பார். மிதி தளர்ந்தால் வெளிச்சம் மஞ்சளாகி அணையும்.

"ராசு, நிப்பாட்டாதையும். மிதியும், மிதியும்," என்று டொக்டர் சத்தம் போட்டார். இளையதம்பி பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். குழாயின் அந்தத்தில், எட்டியும் எட்டாமலும், பாக்கு அளவில் ஒரு சிவந்த சதை தெரிந்தது. தொட்டதும் இரத்தம் கசிந்தது. டொக்டரின் முகம் மாறியதை ஞானேஸ்வரி கண்டார்.

அடுத்தது அழகம்மா. அவரைச் சம்மதிக்க வைக்க அரை மணித்தியாலம் போயிற்று. சைக்கிளில் இருப்பவருக்கு இந்தப் பக்கம் தெரியாது என்று இரண்டு தடவை திரையை இழுத்துக் காட்ட வேண்டியிருந்தது. படுத்தபிறகு ஞானேஸ்வரியின் கையை விடவேயில்லை. அந்தக் கை கத்தி பிடித்துக் காய்த்துப்போன கை.

டொக்டர் நெடுநேரம் பார்த்தார். "சுத்தமாத்தான் இருக்கு" என்றார்.

பெருங்குடல் ஐந்தடி நீளம். அதில் நாலு அங்குலம் சுத்தமாக இருந்தது.

அந்த நாட்களில், அரசாங்கத்தின் பக்கம் இருந்த வவுனியா ஆஸ்பத்திரிக்கு நோயாளரைக் கொண்டுபோகச் செவ்வாய்க்கிழமைகளில் செஞ்சிலுவை வாகனம் ஒன்று வரும். ஐந்து நோயாளர், ஐந்து துணையாட்கள். யார் போவது என்று டொக்டரும் ஞானேஸ்வரியும் வெள்ளிக்கிழமை உட்கார்ந்து பட்டியல் எழுதுவார்கள். அந்தக் கிழமை கண்ணில் சன்னம் பட்ட ஒருவர், வயிற்றில் குழந்தை குறுக்காகக் கிடந்த ஒரு தாய், மூச்சு முட்டி நீலம்பாரித்த ஒரு பிள்ளை, காலை எடுக்க வேண்டிய ஒருவர். ஒரேயொரு இடம் மிஞ்சியது.

"எனக்கெண்டா அந்தப் பொம்பிளையைத்தான் அனுப்போணும்போல கிடக்கு, டொக்டர்," என்றார் ஞானேஸ்வரி.

டொக்டர் பேனையை வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார். "அங்கால போற பாஸ் போமில என்ன வருத்தம் எண்டு எழுதோணும், மிஸி. நான் என்னத்தை எழுத? களைப்பு எண்டோ? கொக்கிப்புழு எண்டோ? போன மாசம் ரெண்டு பேருக்குச் 'சோதனைக்கு' எண்டு எழுதினன். ஆமிக் கந்தோரில பேரை வெட்டிப்போட்டாங்கள். இடம் சும்மா போச்சு. இளையதம்பிக்கு நான் கண்ணால கண்டிருக்கிறன். 'கட்டி' எண்டு எழுதலாம்."

"ஓம். அதுவும் சரிதான்."

"அடுத்த கிழமைக்கு அவாவைப் போடுவம். எப்படியோ எழுதுவம்."

ஞானேஸ்வரி ஒரு தடவைதான் சொன்னார். இரண்டாம் தடவை சொல்லவில்லை. டொக்டர் சொன்னதில் பிழை பிடிக்க அவரால் முடியவில்லை. ஞானேஸ்வரியின் கையெழுத்திலேயே இளையதம்பியின் பெயர் ஐந்தாவதாக ஏறியது.

செவ்வாய்க்கிழமை வாகனம் போயிற்று. அன்று பின்னேரமே அடுத்த கிழமைப் பட்டியலில் முதலாவதாக அழகம்மாவின் பெயரை எழுதி வைத்தார் ஞானேஸ்வரி. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை கிளிநொச்சியில் சண்டை தொடங்கியது.

மூன்று நாள் நிலம் அதிர்ந்தது. வகுப்பறைகளிலும் விறாந்தையிலும் மரங்களுக்குக் கீழேயும் காயக்காரர் கிடந்தார்கள். ஞானேஸ்வரி நின்றபடியே தேத்தண்ணி குடித்தார், நின்றபடியே கண்ணயர்ந்தார். சண்டை ஓய்ந்தபோது ஊர் திரும்பக் கிடைத்துவிட்டது என்று வெளியே ஆட்கள் கதைத்தார்கள். ஆனால் வவுனியாவுக்கான பாதை பூட்டியாயிற்று. செஞ்சிலுவை வாகனம் வரவில்லை.

மாயாண்டி திங்கட்கிழமை தவறாமல் படலையடியில் வந்து நின்றார். உள்ளே வந்து தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று அவருக்கு ஒரு நினைப்பு. ஞானேஸ்வரி கண்டுவிட்டு வெளியே போவார்.

"பாதை தொறந்துட்டாங்களாம்மா?"

"இன்னும் இல்லை, அண்ணை. அவா எப்படி?"

"கஞ்சி குடிக்கிறா. அதுவும் பாதி. ராத்திரியெல்லாம் வவுத்தப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கா." பிறகு, "அடுத்த கெழம வாறேங்க" என்று போய்விடுவார்.

இப்படி ஏழு திங்கட்கிழமை.

கார்த்திகை மழை பிடித்திருந்த ஒரு நாள் மத்தியானம் அழகம்மாவை மாட்டு வண்டிலில் கொண்டுவந்தார்கள். வயிறு மேளம் போல ஊதியிருந்தது. ஐந்து நாளாக வெளிக்கும் போகவில்லை, காற்றும் பிரியவில்லை. வாந்தியில் மலம் மணத்தது. டொக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கப் படச்சுருள் இல்லை. எடுக்கத் தேவையும் இருக்கவில்லை.

"குடல் அடைச்சிட்டுது," என்றார். பிறகு தாழ்ந்த குரலில், "இப்ப என்ன எழுதிறது எண்டு கேள்வியில்லை, மிஸி."

இருபத்தைந்து மைலுக்கு அப்பால் இன்னொரு ஆஸ்பத்திரியில் வெளிநாட்டுச் சத்திரசிகிச்சை வைத்தியர் ஒருவர் இருந்தார். அவரிடமும் குடலுக்குள் விட்டுப் பார்க்கும் கருவி கிடையாது. உயிர் போகிற நிலைமையில் வயிற்றைத் திறப்பது மட்டும் செய்வார். மண்ணெண்ணெய் தேடி எடுத்து, உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் பரப்பி, மேலே படங்கு கட்டி அழகம்மாவை ஏற்றினார்கள். சேலைன் போத்தலைப் பிடித்துக்கொண்டு ஞானேஸ்வரியும் கூடப் போனார். பள்ளங்களில் பெட்டி தூக்கிப்போடும் ஒவ்வொரு தடவையும் அழகம்மா "ஆத்தா" என்று முனகினார். சுரேகா தாயின் தலையை மடியில் வைத்திருந்தாள். ஐந்து மணித்தியாலம் எடுத்தது.

வயிற்றைத் திறந்த வைத்தியர் ஒரு மணித்தியாலத்துக்குள் வெளியே வந்தார். இடப்பக்கக் குடலில் கைமுட்டி அளவில் கட்டி. ஈரலில் வெள்ளை வெள்ளையாகப் பரவியிருந்தது. அதை ஒன்றும் செய்ய முடியாது. குடலை வயிற்றின் பக்கமாக வெளியே எடுத்து வாய் வைத்துத் தைத்திருப்பதாகவும், கட்டியில் ஒரு துண்டு எடுத்திருப்பதாகவும், அதைக் கொழும்புக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றும் சொன்னார்.

ஞானேஸ்வரி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார்: "ரெண்டு மாதத்துக்கு முன்னம் வவுனியாவுக்கு அனுப்பியிருந்தா?"

அவர் கையுறையைக் கழற்றியபடி யோசித்தார். "இவ்வளவு நொந்திருக்காது. அடைக்கிறதுக்கு முன்னம் வெட்டியிருக்கலாம். ஆனால் ஈரலில் இருக்கிறது இரண்டு மாதத்தில் வந்ததில்லை. ஒரு வருடத்துக்கு முதல், வருத்தமே தெரியாத நேரத்தில், யாராவது ஒரு சின்னச் சோதனை செய்திருக்க வேண்டும்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஞானேஸ்வரிக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. பட்டியலில் இருந்த பாரம் இறங்கி, வேறு எங்கோ, கையால் தொட முடியாத இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

காயம் கொஞ்சம் ஆறியதும் அழகம்மாவை அக்கராயன் வார்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள். சின்னப் போத்தலில் போட்ட அந்தத் துண்டு, பாதை திறந்ததும் போன முதல் வாகனத்தில் போயிற்று. அதே வாகனம் வரும்போது அந்தப் பக்கத்தில் அகப்பட்டு நின்றவர்களை ஏற்றிவந்தது. அவர்களில் இளையதம்பியும் ஒருவர்.

அவர் வீட்டுக்குப் போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். முகம் தெளிந்து, கொஞ்சம் உடம்பும் வைத்திருந்தார். கையில் கடுதாசிப் பையில் சுற்றிய இரண்டு சவர்க்காரக் கட்டிகள். அந்த நேரம் வன்னியில் அது பெரிய பொருள்.

"மிஸி! பயப்பிட ஒண்டுமில்லையாம்!" வார்டு வாசலில் நின்றே சொன்னார். "மூலமும், ஒரு சின்னச் சதையும். வெட்டி எடுத்துக் கொழும்புக்கு அனுப்பி, ஒண்டரை மாசத்தால முடிவு வந்தது. புற்றும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அகதி முகாமில கிடந்து காஞ்சதுதான் மிச்சம்."

"நல்லது, அண்ணை. நல்லது," என்றார் ஞானேஸ்வரி. உண்மையாகவே அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதோடு கூடவே வேறொன்றும் இருந்தது.

மூன்றாவது கட்டிலிலிருந்து, "நல்லாருங்க ஐயா," என்று ஒரு குரல் வந்தது. இளையதம்பி திரும்பிப் பார்த்தார். அடையாளம் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. கட்டிலில் சேலை மட்டும் கிடப்பது போல இருந்தது. பக்கத்தில் மாயாண்டி எழுந்து நின்று கும்பிட்டார்.

இளையதம்பி ஞானேஸ்வரியை வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

"அண்டைக்கு என்னோட வாங்கில இருந்தவாவெல்லே?"

"ஓம்."

"அவாவுக்கு என்ன?"

ஞானேஸ்வரி சொன்னார். அந்தக் கிழமை ஒரு இடம்தான் இருந்தது என்பதைச் சொல்ல நினைக்கவில்லை. ஆனால் இளையதம்பி கேட்டார், அவரால் மறைக்க முடியவில்லை.

இளையதம்பி வேப்ப மரத்தடியில் குந்திக்கொண்டார். "எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே, மிஸி. நான் அடுத்த கிழமை போயிருப்பன். இடத்தை விட்டுக் குடுத்திருப்பன்."

மழைத் தண்ணீர் கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"இல்லை," என்றார் இளையதம்பி, நிலத்தைப் பார்த்தபடி. "விட்டிருக்க மாட்டன். ஏன் பொய் சொல்லுவான்? செத்துப்போடுவன் எண்டு பயந்துகொண்டு திரிஞ்சனான். ஆர் கேட்டாலும் விட்டிருக்க மாட்டன்." பிறகு எழுந்து, "அதுகள் வீட்டை போறதுக்கு வாகனம் இருக்கோ? என்ர வண்டில் வீட்டில நிக்குது. நான் கொண்டுபோய் விடுறன்" என்றார்.

இரண்டு நாள் கழித்து அவரே மாட்டைப் பூட்டி, ஆறு மைல் வண்டிலோட்டி அழகம்மாவை வீட்டில் கொண்டுபோய் விட்டார். வழி நெடுக ஒரு சொல்லும் கதைக்கவில்லையாம். இதைப் பிறகு மாயாண்டிதான் சொன்னார்.

வயிற்றுப் பக்கத்து வாய்க்குக் கட்டுவதற்குப் பை கிடையாது. ஞானேஸ்வரி சுரேகாவுக்குப் பொலித்தீன் பையை வெட்டிப் பழஞ்சீலையால் சுற்றிக் கட்டப் பழக்கினார். கிழமைக்கு ஒருக்கால் சைக்கிளில் போய்ப் பார்த்து வந்தார். நோவுக்கு ஊசி மருந்து காயக்காரருக்கே காணாமல் இருந்தது. கொண்டுபோனது மாத்திரைதான். மார்கழியின் கடைசியில் மாத்திரையும் கேட்கவில்லை. அழகம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் பாயின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு கிடப்பார். மாயாண்டி அடுப்படியில் போய் இருந்துகொள்வார்.

ஒரு நாள் கொஞ்சம் தெளிவாக இருந்தபோது அழகம்மா கேட்டார்: "எனக்கு என்னா நோவுன்னு யாருமே சொல்லலியே மிஸி?"

"கொழும்பில இருந்து முடிவு இன்னும் வரேல்ல, அம்மா."

அது உண்மைதான். உண்மைக்குப் பின்னாலும் ஒளிந்துகொள்ளலாம் என்று ஞானேஸ்வரிக்கு அன்றைக்குத் தெரிந்தது.

"வரட்டுங்க," என்றார் அழகம்மா. "எங்க அம்மாவும் இப்படித்தான் போனாங்க. தோட்டத்துல. இதே மாதிரி மெலிஞ்சு, வவுறு வீங்கி. நாப்பது வயசுகூட இருக்காது. செய்வினைன்னாங்க. அவுங்க தம்பி ஒருத்தரும் அப்படித்தான்."

ஞானேஸ்வரி மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். ஆடியில் ஒரு தடவை, ஆவணியில் ஒரு தடவை, பிறகு ஒரு தடவை. மூன்று முறையும், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. டொக்டர் கேட்கவில்லை. தானும் கேட்கவில்லை. அதைக் கேட்பதற்கு மருந்தும் வேண்டியதில்லை, வெளிச்சமும் வேண்டியதில்லை.

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது அழகம்மா இறந்தார். காட்டோரச் சுடலையில் எரித்தார்கள். இளையதம்பி வந்து தள்ளி நின்றுவிட்டுப் போனார்.

பங்குனியில் கொழும்பிலிருந்து முடிவு வந்தது. துண்டை அனுப்பிப் பதினாறு கிழமைக்குப் பிறகு. அரைப் பக்கத்தில் தட்டச்சில் அடித்த நாலு வரி. பெருங்குடல் புற்றுநோய். டொக்டர் அதை வாசித்துவிட்டுக் கோப்புக்குள் வைக்கப் போனார். ஞானேஸ்வரி கையை நீட்டி வாங்கிக்கொண்டு, சுரேகாவுக்கு ஆளனுப்பினார்.

அவள் அடுத்த நாள் பாலர் பள்ளி முடிந்து வந்தாள். மெலிந்து, ஆனால் நிமிர்ந்து நின்றாள். கடுதாசியை வாங்கிப் பார்த்தாள். ஆங்கிலம் அவளுக்குப் பிடிபடவில்லை. ஞானேஸ்வரி வாசித்துச் சொன்னார்.

"செத்தவாவுக்கு இனி இது எதுக்கு மிஸி?" என்றாள். பிறகு நேரே கேட்டாள்: "அந்தக் கிழமை அந்த ஐயாவை அனுப்பினியள். அம்மாவை ஏன் அனுப்பேல்ல? அவர் காணிக்காரர் எண்டோ? நாங்கள் தோட்டக்காட்டார் எண்டோ?"

டொக்டர் தலையை நிமிர்த்தினார். ஞானேஸ்வரி அவரைப் பேச விடவில்லை.

"இல்லை, பிள்ளை. அப்பிடி நினைக்க உனக்கு நியாயம் இருக்கு. ஆனா அது இல்லை. எங்களிட்ட இருந்தது நாலு அங்குலக் குழாய். அவருக்கு இருந்தது குழாய் எட்டின இடத்தில. அம்மாவுக்கு எட்டாத இடத்தில. எட்டினதைக் கண்டம், அவரை அனுப்பினம். எனக்கு மனசுக்குள்ள அம்மாவைத்தான் அனுப்போணும் எண்டு பட்டது. ஒருக்காச் சொன்னனான். இன்னொருக்காச் சொல்லியிருக்கோணும்."

சுரேகா அழவில்லை. கடுதாசியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"உனக்கு எத்தினை வயசு?" என்று கேட்டார் ஞானேஸ்வரி.

"வாற மாசம் இருபது."

"இது அம்மாவுக்கு இல்லை. உனக்குத்தான். உன்ர அம்மம்மாவும் இப்பிடித்தான் செத்தவாவாம். அவவின்ர தம்பியும். இது சில குடும்பங்களில இறங்கி வாற வருத்தம். உனக்கு வரும் எண்டு நான் சொல்லேல்ல. ஆனா நீ பாத்துக்கொண்டிருக்கக் கூடாது. முப்பது வயசுக்கு முன்னம் எங்கயெண்டாலும் போய் முழுக்குடலையும் சோதிக்கோணும்."

"எங்க போறது? பாஸ் தருவாங்களோ?"

"இப்ப தரமாட்டாங்கள். ஒரு காலத்தில தருவாங்கள். இல்லாட்டி, நீ வேற எங்கயும் போய்ச் சேந்திருப்பாய். எனக்குத் தெரியாது."

டொக்டர் ஒரு வெள்ளைத் தாளை இழுத்து ஆங்கிலத்தில் ஆறு வரி எழுதி, கையெழுத்து வைத்து, ஆஸ்பத்திரி முத்திரையையும் குத்திக் கொடுத்தார். எந்த நாட்டு டொக்டர் வாசித்தாலும் விளங்கும் என்றார். சுரேகா அதையும் முடிவுக் கடுதாசியையும் அடையாள அட்டையோடு சேர்த்துப் பொலித்தீன் உறைக்குள் வைத்தாள்.

"கடுதாசி நனையும், எரியும், ஓட்டத்தில துலையும்," என்றார் ஞானேஸ்வரி. "பாடமாக்கு. நான் கேக்கிறன், நீ சொல்லு. டொக்டரிட்டப் போனா என்ன சொல்லுவாய்?"

சுரேகா வகுப்பில் எழுந்து நிற்கிற பிள்ளையைப் போல நின்று சொன்னாள். "என்ர அம்மா நாப்பத்துமூண்டு வயசில பெருங்குடல் புற்றுநோயால செத்தவா. அம்மம்மாவும் அப்பிடித்தான். அம்மம்மாவின்ர தம்பியும். என்ர குடலைச் சோதிச்சுப் பாக்கோணும்."

"குழாய் போட்டுப் பாத்திட்டு, சுத்தமா இருக்கு எண்டு சொன்னா?"

சுரேகா யோசித்தாள். "காணாது எண்டு சொல்லுவன். முழுசாப் பாக்கச் சொல்லிக் கேப்பன்."

"கேட்டும் பாக்காட்டி?"

"இன்னொருக்காக் கேப்பன்."

"சரி. முதல்ல இருந்து திரும்பச் சொல்லு."

அவள் திரும்பவும் சொன்னாள்.